கண் வைத்தியர்களும் பாடம் படிக்கிறார்கள்

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கைமாரோடு பேசக் கிடைக்கும் போதெல்லாம் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ராத்தா, கண் டொக்டராக எத்தனை வருஷம் படிக்கோணும்?" நானும் நமது கல்லூரியின் வாங்கில் இருந்து படித்தவள்தான். இப்போது இம்மாவட்டத்தில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் கண் பிரிவில் தாதியாகக் கடமையாற்றுகிறேன். ஆகவே விரல் விட்டு எண்ணிச் சொல்வேன். மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம். உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். பிறகு சேவைக்காலம். அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் பரீட்சைகள், நிபுணர்களின் கீழ் பல வருடப் பயிற்சி, வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றில் மேலும் பயிற்சி. எல்லாம் முடித்துக் கண் சத்திரசிகிச்சை நிபுணர் என்று பெயர் வாங்கும்போது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருக்கும்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமார் பெருமூச்சு விடுவார்கள். "அதோட படிப்பு முடிஞ்சிரும்தானே மகள்?" என்பார்கள்.

முடியாது. அதற்குப் பிறகு நடக்கும் படிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை. தொடர் மருத்துவக் கல்வி என்று அதற்குப் பெயர். வைத்தியர்கள் தங்கள் சேவைக்காலம் முழுவதும் கேட்கும் விரிவுரைகள், கூடும் மாநாடுகள், செய்து பழகும் பயிற்சிகள் எல்லாம் அதில் அடங்கும். வைத்தியசாலையின் சிறிய மண்டபத்தில் பகல் வேளையில் முப்பது பேர் கூடும் ஒரு மணித்தியால விரிவுரையும் அதுதான். இலங்கைக் கண் வைத்திய நிபுணர்கள் கல்லூரி வருடாந்தம் நடத்தும் பெரிய கல்வி அமர்வும் அதுதான். நம் நாட்டுக்கு இது புதிய வழக்கமும் அல்ல. இன்றைய இலங்கை மருத்துவச் சங்கம் 1887 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளையாகத் தொடங்கியபோதே, வைத்தியர்கள் ஒன்றுகூடித் தாம் கண்ட நோய்களைப் பற்றிப் பேசுவதும் அவற்றை எழுதி வெளியிடுவதும் அதன் வேலையாக இருந்தது.

பொதுமக்களுக்கு இந்தப் படிப்பு கண்ணில் படுவது ஒரேயொரு விதத்தில்தான். கிளினிக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருக்கும்: "வைத்தியர் மாநாட்டுக்குச் சென்றுள்ளார்." மூதூரிலிருந்தும் வெருகல் பக்கமிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு அதைப் பார்த்தால் கோபம் வராமல் இருக்குமா? அந்தக் கோபத்தை நேரே வாங்குகிறவர்கள் நாங்கள்தான். "ஓதிப் படிச்சுத்தானே டொக்டரா வந்தார், இன்னும் என்ன படிப்பு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு நின்று பதில் சொல்ல எனக்கு அப்போது நேரம் இருக்கவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நம்மூரில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்யாத குடும்பம் குறைவு. "வெள்ளை விழுந்திட்டு, லென்ஸ் வைச்சாங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மங்கிப்போன இயற்கை வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை வில்லையை வைப்பதுதான் அந்தச் சிகிச்சை. இதை முதன்முதலில் செய்தவர் இங்கிலாந்தின் ஹரோல்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29 ஆம் திகதி லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அது நடந்தது. அதற்கு முன்னர் புரையை எடுப்பார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்க மாட்டார்கள். நோயாளி எஞ்சிய வாழ்நாள் முழுவதும் போத்தல் அடி போன்ற தடித்த கண்ணாடி அணிந்து திரிவார். நம் பாட்டன், பாட்டிமாரின் பழைய புகைப்படங்களில் கண்கள் இரண்டும் பெரிதாக ஊதித் தெரியும் மூக்குக் கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்கள்.

ரிட்லிக்கு அந்த எண்ணம் வந்த வழி சுவையானது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானிகளின் கண்களை அவர் பார்த்தார். விமானத்தின் மேல்மூடி பேர்ஸ்பெக்ஸ் என்ற தெளிவான பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு மூடி சிதறும்போது அதன் துணுக்குகள் விமானியின் கண்ணுக்குள் ஏறிவிடும். இரும்போ மரமோ ஏறினால் கண் சிவந்து சீழ் பிடிக்கும்; இந்தத் துணுக்குகளோ கண்ணுக்குள்ளேயே அமைதியாகக் கிடந்தன. அப்படிக் காயப்பட்டவர்களுள் ஒருவர் ஹரிக்கேன் ரக விமானத்தை ஓட்டியவர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தில் குண்டு போட வந்தபோது, சீனன்குடாவிலிருந்து எழும்பிப் போய் எதிர்த்தவையும் அதே ஹரிக்கேன்கள்தாம். மூத்தவர்கள் சொல்லும் அந்தக் கதையில் வரும் விமானத்தின் கண்ணாடிக்கும் இன்று நம் வாப்பாவின் கண்ணில் இருக்கும் வில்லைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

இன்னுமொன்று. ரிட்லி ஒரு நாள் புரையை அகற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்ததற்குப் பதிலாக வேறு வில்லை வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். ஏற்கெனவே மனதில் கிடந்த எண்ணத்தை அந்தக் கேள்வி கிளறிவிட்டது. வகுப்பில் "இது கூடத் தெரியாதா" என்று சிரிப்பார்களே என அஞ்சிக் கேள்வியை விழுங்கிவிடும் தங்கைமார் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிட்லி தன் வேலையை இரண்டு வருடம் வரை வெளியே பெரிதாகச் சொல்லவில்லை. 1951 இல் ஒக்ஸ்போர்டில் கண் வைத்தியர்களின் வருடாந்த மாநாட்டில் அதை எடுத்துச் சொன்னார். வில்லை வைக்கப்பட்ட நோயாளிகளையும் நேரில் காட்டக் கூட்டிச் சென்றிருந்தார். அக்காலத்தில் கண் மருத்துவத்தின் பெரும் பெயரான சேர் ஸ்டுவர்ட் டியூக் எல்டர் அவர்களைப் பரிசோதித்துப் பார்க்கவே மறுத்தார். கண்ணுக்குள் இருக்கும் அந்நியப் பொருளை வெளியே எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே வைப்பது எந்த ஊர் வைத்தியம் என்பது பெரியவர்களின் வாதம். எதிர்த்தவர்களை முழுமூடர் என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்க கால வில்லைகள் சில இடம்பெயர்ந்தன. சில கண்கள் கெட்டும் போயின. ஆனாலும் இந்தச் சிகிச்சை உலகில் பரவலாக ஏற்கப்பட ஏறத்தாழ முப்பது வருடம் சென்றது. அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 1981 இல்தான் அனுமதி கொடுத்தது. ரிட்லி நீண்ட ஆயுளோடு இருந்து, தன் கண்களிலும் அதே வகை வில்லையை வைத்துக்கொண்டு, 2000 ஆம் ஆண்டில் சேர் பட்டமும் பெற்று, மறு வருடம் காலமானார்.

மாநாட்டு மண்டபம் நல்ல செய்தியைத் தாமதப்படுத்தவும் கூடும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த மண்டபத்தில் போட்டிருக்காவிட்டால் அந்த விதை எங்கும் முளைத்திருக்காது. மற்றைய நாடுகளில் அதைக் கேள்விப்பட்ட சில இளம் வைத்தியர்கள்தான் பிறகு அதைத் திருத்தித் திருத்தி இன்றைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள்.

வில்லை தாமதமானதால் முதியவர்கள் தடித்த கண்ணாடியோடு இருந்தார்கள், அவ்வளவுதான். அறிவு தாமதமானதால் குழந்தைகள் நிரந்தரமாகக் குருடான கதை ஒன்றும் உண்டு. கண் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கும்.

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல வளர்கின்றன. மாதம் நிறையும்போதுதான் அந்த வளர்ச்சி ஓரத்தைத் தொடும். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால் வளர்ச்சி பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் தேவைக்கு அதிகமான ஒட்சிசன் கொடுத்தால் குழாய்கள் மேலும் சுருங்கிவிடும். சில கிழமைகளுக்குப் பின், பட்டினி கிடந்த விழித்திரை ஒழுங்கில்லாத புதிய குழாய்களைக் கண்டபடி முளைக்க வைக்கும். அவை தழும்பாகி இழுக்க, விழித்திரை கழன்று விடும். வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று அழகாகவே இருக்கும். தாய்க்குச் சந்தேகமே வராது.

இந்நோயை 1942 இல் பொஸ்டன் நகரில் தியடோர் டெரி முதலில் விவரித்தார். காரணம் எவருக்கும் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகள் பிழைக்க வேண்டுமென்று புதிய கருவிகளில் தாராளமாக ஒட்சிசன் கொடுக்கப்பட்ட காலம் அது. பணமும் கருவியும் உள்ள நல்ல வைத்தியசாலைகளில்தான் அதிகக் குழந்தைகள் பார்வை இழந்தன. வசதி குறைந்த இடங்களில் அவ்வளவாக இல்லை. 1951 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் கேட் கெம்பெல் என்ற குழந்தை வைத்தியர் ஒட்சிசன்மீது சந்தேகத்தைத் திருப்பினார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் மேரி குரொஸ் என்ற இன்னொரு பெண் வைத்தியரும் 1948 இல் அரச சுகாதார சேவை தொடங்கி நல்ல கருவிகள் வந்த பிறகுதான் தன்னிடம் இந்நோய் தலைகாட்டியது என்பதைக் கவனித்தார். 1953 இல் அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து முறையான பரிசோதனையைத் தொடங்கின. அடுத்த வருடமே விடை கிடைத்தது: கட்டுப்பாடில்லாத ஒட்சிசன்தான் காரணம். அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்துவிட்டனர்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். "ஒட்சிசன் கெடுதி" என்ற பாடத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட பல வைத்தியசாலைகள் அதை எல்லாக் குழந்தைகளுக்கும் கண்டிப்பாகக் குறைத்தன. கண்கள் தப்பின, மூச்சுக்குத் தவித்த குழந்தைகள் இறந்தன. கென்னத் குரொஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் 1973 இல் கணக்கிட்டுப் பார்த்து, காப்பாற்றிய ஒரு பார்வைக்கு ஏறத்தாழ பதினாறு உயிர்கள் விலையாகப் போயிருக்கலாம் என்று எழுதினார். ஒரே பாடத்தை மீண்டும் படிக்க வேண்டி வந்தது: எவ்வளவு கொடுப்பது, எதைக் கொண்டு அளப்பது, எப்போது கண்ணைப் பார்ப்பது என்று. பட்டம் பெற்ற வருடத்தில் சரியாக இருந்த ஒன்று பத்து வருடத்தில் பிழையாகி, இருபது வருடத்தில் திருத்தப்பட்டு, பிறகு மீண்டும் திருத்தப்படுகிறது. அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

இது பழைய அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. முன்பு இறந்துபோயிருக்கக் கூடிய சிறு குழந்தைகள் இப்போது நம் நாட்டு வைத்தியசாலைகளில் பிழைக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பிழைத்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை வேண்டும். அயலிலுள்ள இந்தியாவின் வழிகாட்டல், 34 கிழமைக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த நிறையுள்ள குழந்தைகளின் கண்களைப் பிறந்து முப்பது நாளுக்குள் பார்க்கச் சொல்கிறது. மேலைநாட்டு எல்லைகள் இதைவிடச் சிறிய குழந்தைகளைத்தான் சொல்கின்றன. நம் பக்க நாடுகளில் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருவதைக் கண்டே எல்லையை அகலப் போட்டார்கள். லேசர் அல்லது ஊசிமருந்து கொடுத்துப் பார்வையைக் காக்கக் கூடிய காலம் சில கிழமைகள்தான். அதைத் தெரிந்த ஒருவர் அந்த வார்டில் இருக்கிறாரா இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கை தங்கியிருக்கிறது.

வைத்தியரின் அறிவு பழையதாகிவிடக் கூடாது என்ற கவலை இன்று வந்ததும் அல்ல. அறபு நாடுகளில் கண் வைத்தியரை கஹ்ஹால் என்பார்கள். சந்தையை மேற்பார்வை செய்யும் முஹ்தசிப் என்ற அதிகாரிக்காகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாமில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேட்டில் கண் வைத்தியருக்கென்று தனிப் பகுதியே உண்டு. நிறையும் அளவும் பார்க்கும் அதே அதிகாரி கண் வைத்தியரையும் சோதிக்க வேண்டும். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் எழுதிய கண் பற்றிய பத்துக் கட்டுரைகளிலிருந்து கேள்வி கேட்க வேண்டும். கண்ணின் படைகளையும் நோய்களையும் மருந்து கலக்கும் முறையையும் அறிந்தவருக்கே அனுமதி கொடுக்க வேண்டும். தெருவில் திரிந்து கண் பார்ப்பவர்களை நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. ஹுனைன் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவர். யார் எழுதியது என்று பார்க்கவில்லை, சரியாக எழுதியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். ஆனால் சோதனைக்கு வைத்த நூல் சில நூற்றாண்டு பழையது என்பதையும் நாம் கவனிக்கலாம். இன்றைய நிலையில் அது போதாது. ஆகவேதான் பிரித்தானியாவில் 2012 இலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர்கள் தாம் தொடர்ந்து கற்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 2002 ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் ஐந்து வருடத்தில் முப்பது மணித்தியாலக் கல்வியைக் கேட்டன.

மணித்தியாலக் கணக்கு மட்டும் போதுமா என்று கேட்டால், நான் சந்தேகப்படுகிறேன். பகல் விரிவுரையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் ஓட்டும்போது, இரவு முழுக்கக் கடமை செய்த வைத்தியர் கண் அசருவதைப் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் பேச மற்றவர்கள் சும்மா கேட்டிருக்கும் விரிவுரையால் வைத்தியர்களின் நடைமுறை மாறுவதில்லை. கலந்துரையாடலும் செய்து பார்த்தலும் சேர்ந்தால்தான் மாற்றம் வருகிறது என்று டேவ் டேவிஸும் அவரது குழுவினரும் 1999 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். பாடமாக்கி ஒப்புவித்து மறந்துபோகும் நம் பரீட்சைப் படிப்பை நினைத்தால் அதில் வியப்பில்லை.

கண் வைத்தியத்தில் கைப்பழக்கம் பெரிது. வெட்டும் இடம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவு. தையல் நூல் தலைமயிரை விட மெல்லியது. இதை மனிதக் கண்ணில் தொட்டுப் பழகுவது எப்படி? இந்தியாவின் பயிற்சிக்கூடங்களில் ஆட்டுக் கண்ணை வைத்துப் பழகுகிறார்கள். இறைச்சிக் கடையில் வீசப்படும் தலையிலிருந்து எடுத்த கண்ணை நுணுக்குக்காட்டியின் கீழ் பொருத்தி, கிழித்து, தைத்து, மீண்டும் கிழித்துப் பழகுவார்கள். மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை இவ்வகைப் பயிற்சிக்குப் பெயர் போனது. டொக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் சத்திரசிகிச்சை செய்து, அரச சேவையில் ஓய்வு பெற்றபின் 1976 இல் பதினொரு கட்டில்களோடு அதைத் தொடங்கினார். இப்போது பல நாட்டு வைத்தியர்கள் அங்கே வந்து பழகிப் போகிறார்கள். 1992 இல் அதன் கிளை நிறுவனமான ஒரோலேப், நூறு டொலருக்கு மேல் விற்ற வில்லையைப் பத்து டொலர் அளவுக்குச் செய்து கொடுக்கத் தொடங்கியது. ரிட்லியின் வில்லை ஏழையின் கண்ணை எட்டியது அதற்குப் பிறகுதான்.

இந்த விரிவுரைகளுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று விவரமான பெற்றோர் கேட்பதுண்டு. உலகெங்கும் பல மாநாடுகளுக்கு மருந்துக் கம்பனிகள்தான் அனுசரணை. சாப்பாடு, பை, பேனா எல்லாம் அவர்கள் தருவது. அதில் எனக்கு முழு மனமில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். நீரிழிவாலும் முதுமையாலும் விழித்திரையில் கசியும் குழாய்களுக்கு இப்போது கண்ணுக்குள் ஊசிமருந்து ஏற்றுகிறார்கள். குடல் புற்றுநோய்க்கென்று வந்த பெவசிசுமாப் என்ற மருந்தை 2005 இல் மயாமியில் பிலிப் ரோசன்பெல்ட் கண்ணுக்குள் மிகச் சிறிய அளவில் ஏற்றிப் பார்த்தார், பலன் தந்தது. அதே கம்பனி கண்ணுக்கென்றே தனியாகச் செய்த இன்னொரு மருந்து வந்தபோது ஓர் ஊசி ஏறத்தாழ 2,000 டொலர். பழையதைப் பங்கிட்டு ஏற்றினால் 50 டொலர் போதும். மலிவானதை விளம்பரம் செய்யக் கம்பனிக்கு என்ன அவசரம்? அதன் செய்தியை மாநாட்டுக்கு மாநாடு கொண்டு போனவர்கள் வைத்தியர்கள்தாம். கடைசியில் அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, முதுமையால் வரும் விழித்திரை நோயில் இரண்டும் பார்வைக்கு ஒரே பலன் தருவதாக 2011 இல் காட்டியது. ஆகவே விரிவுரை வேண்டும், அதை நடத்துகிறவர் விற்பனையாளராக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரை பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம்; பாதை வராவிட்டால் நோயாளியும் இக்கரையில்தான். அறிவும் அப்படித்தான் எங்களை வந்தடைந்தது, தாமதித்து. 2020 இல் கொரோனா வந்து மாநாடுகள் எல்லாம் ஸூம் வழியாக நடந்தபோதுதான், இங்குள்ள வைத்தியர்கள் விடுதியில் இருந்தபடியே பெரிய விரிவுரைகளைக் கேட்கும் வழக்கம் வந்தது. கிளினிக் கதவில் அறிவித்தல் ஒட்டும் நாட்கள் குறைந்தன. ஆனால் ஸூமில் ஆட்டுக் கண்ணைத் தைக்க முடியாது. கைப்பழக்கத்துக்கு இன்னும் பயணம் செய்யத்தான் வேண்டும்.

விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். நோயாளிக்கு விளக்குவதோ தமிழில், அல்லது சிங்களத்தில். இடையில் நிற்பவர்கள் நாங்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார் என்று படிக்கும்போது எனக்கு ஏக்கம் வரும். 'விழித்திரை', 'நீரிழிவு' போன்ற சொற்களைச் சொல்லி விளக்கும்போது, "அதென்ன மகள், சீனி கண்ணுக்குள்ள போயிட்டா?" என்று ஓர் உம்மம்மா கேட்டார். யோசித்தால் அது அவ்வளவு பிழையான விளக்கமும் அல்ல.

விரிவுரைகளில் தாதியர்க்கும் இடம் உண்டு. நான் கேட்டவற்றில் இன்றுவரை அதிகம் பயன்பட்டது சுண்ணாம்பு பற்றிய ஒன்று. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் சுண்ணாம்புப் பொதியைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது கண்ணில் தெறித்துவிடும். சுண்ணாம்பு காரம், அமிலத்தை விட ஆழமாக இறங்கி விழியின் தெளிந்த முன்படலத்தை வேகவைத்துவிடும். தாய்ப்பால் விடுவதும் எண்ணெய் விடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். விரிவுரையாளர் சொன்னது: அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கொண்டே இருங்கள், இமையைத் திறந்து பிடித்து, அரை மணித்தியாலம் வரைக்கும்; ஆஸ்பத்திரிக்கு வருவது அதன் பிறகு. பஸ்ஸில் ஓடி வரும் அரை மணித்தியாலத்தில்தான் கண் போகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று வெளிச்சம் கூசும், வாகனம் ஓட்ட முடியாது, ஒருவரைக் கூட்டிப் போங்கள். கிளினிக்கில் "எனக்கு வேறு புதிய சிகிச்சை ஏதும் இருக்கா டொக்டர்?" என்று மரியாதையோடு கேட்பதில் வெட்கமில்லை, தொடர்ந்து படிக்கும் வைத்தியர் அந்தக் கேள்வியை விரும்புவார். மாநாடு என்று அறிவித்தல் ஒட்டியிருந்தால் அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு, தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக் கொள்ளுங்கள், அடுத்த தடவை வெறுங்கையோடு திரும்ப நேராது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வரும் உம்மாமார், பிறந்த கிழமைக் கணக்கும் நிறையும் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கண் பார்க்க வேண்டிய திகதி அதில் இல்லாவிட்டால், வார்டை விட்டு இறங்கும் முன்பே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.